சுவருக்குச் சித்திரத் தட்டு: பழையதா, புதியதா, நாமே செய்துகொள்வதா?

நீல வில்லோவா, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் இலைக்கொடியா, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பூச்சாடியா என்று சித்திரத்தை மனதில் முடிவுசெய்துவிட்டுத்தான் பெரும்பாலானோர் சுவர்த்தட்டு தேடக் கிளம்புகிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சித்திரம் தட்டின் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டலாமா, தண்ணீர் விட்டுக் கழுவலாமா, விருந்தாளி வந்தால் இறக்கிப் பலகாரம் வைக்கலாமா, எந்தக் கொக்கி தாங்கும் ஆகிய எல்லாக் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

சந்தையில் கிடைப்பவை நான்கு வகை. சுட்ட களிமண்ணுக்கும் அதன்மேல் கண்ணாடியாக உருகிப் படிந்த கிளேஸுக்கும் நடுவே சித்திரம் அடைபட்டிருப்பது ஒன்று. கிளேஸின் மேலே சித்திரத்தை வைத்து மறுபடி சுட்டது இரண்டாவது. கண்ணாடித் தட்டின் முதுகில் தாளை ஒட்டியது மூன்றாவது. வெள்ளைத் தட்டின்மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து அதில் சாயம் ஏற்றியது கடைசி வகை. ஊருக்கு ஊர் போட்டோ கடைகளில் பிறந்தநாள் படம் அச்சடித்துத் தருகிறார்களே, அதுதான்.

கடையில் நின்றபடியே வகை பிரிக்கலாம். தட்டைச் சாய்த்து, ட்யூப்லைட்டின் பிம்பம் சித்திரத்தின் குறுக்கே ஓடும்படி பிடியுங்கள். வெள்ளைப் பகுதியிலிருந்து நீலக் கோட்டுக்குள் நுழையும்போதும் பளபளப்பு முறியாமல் ஒரே சீராக ஓடினால் சித்திரம் கிளேஸுக்கு அடியில் இருக்கிறது. கோட்டின் விளிம்பில் பிம்பம் உடைந்து, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கலாகவோ மேடாகவோ தெரிந்தால் மேலே இருக்கிறது. நகத்தின் நுனியால் வருடினால் அந்த மேடு தட்டுப்படும். பிளாஸ்டிக் பூச்சாக இருந்தால் தட்டே பீங்கானின் குளிர்ச்சி இல்லாமல் கொஞ்சம் வழவழவென்று இருக்கும்.

எங்கள் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறோம். பத்து, இருபது ஆண்டு அதே சுவரில் இருக்கப்போகிற தட்டு என்றால் கிளேஸுக்கு அடியில் அச்சிட்ட பழைய ஆங்கிலத் தட்டுதான் காசுக்கு நியாயம். சுவர்த்தாள் சித்திரங்கள் வேண்டுமென்றால், அதுவும் வாடகை வீட்டுக்கு என்றால், கண்ணாடித் தட்டில் நாமே ஒட்டிக்கொள்வது நல்லது. சாப்பிடவும் வேண்டும், சுவரிலும் வேண்டும் என்பவர்கள் புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியைத் தேட வேண்டாம்.

பழைய ஆங்கிலத் தட்டுகள்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில், இன்றைய ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேரூன்றிய தொழில் இது. செப்புத் தகட்டில் சித்திரத்தைச் செதுக்கி, சூடாக்கி, கோபால்ட் ஆக்சைடு கலந்த எண்ணெய் மையைத் தேய்த்து, மெல்லிய டிஷ்யூ தாளில் அச்செடுப்பார்கள். அந்தத் தாளை ஒருமுறை சுட்ட தட்டின்மேல் வைத்துத் தேய்த்துவிட்டு, தண்ணீரில் தாளை மட்டும் கழுவி எடுப்பார்கள். எண்ணெய் எரிந்துபோக இளஞ்சூட்டில் ஒரு சூளை, அதன்பின் கிளேஸில் முக்கி இன்னொரு சூளை. கோபால்ட் நீலம் இந்தச் சூட்டையெல்லாம் தாங்கிக் கண்ணாடிக்குள் கரைந்து நிற்பதால் வெயில் அதை ஒன்றும் செய்யாது. இருநூறு ஆண்டுப் பழைய தட்டின் நீலம் வெளிறாததற்குக் காரணம் இதுதான். நீலமே முதலில் வந்ததற்கும் இதுவே காரணம்: அக்கால நிறங்களில் கிளேஸ் சூளையைப் பிழைத்து வந்தது அது ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

வில்லோ சித்திரம் 1790 வாக்கில் இங்கே உருவானது. பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவை, வளைந்த மரம், முன்னால் கோணல்மாணலான வேலி. சீனக் காதல் கதை என்று சொல்லி விற்பார்கள். கதை இங்கிலாந்தில் கட்டியது, படம் வந்து பல பத்தாண்டு கழித்து. அதற்காகக் கூடுதலாக ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஏராளமான பட்டறைகள் இதை அச்சடித்ததால் எங்கும் கிடைக்கும், விலையும் படியும். ஸ்போட் பட்டறையின் புளூ இத்தாலியன் 1816இல் வந்தது: உள்ளே இத்தாலிய இடிபாடும் ஆடுமாடும், விளிம்பில் ஜப்பானிய இமாரி பாணிப் பூவேலை. வெளிர்நீல ஏஷியாட்டிக் ஃபெசன்ட்ஸ் விக்டோரியா காலத்தில் வில்லோவுக்கே போட்டியாக விற்றது. சுவரில் தூரத்திலிருந்து பார்க்க வில்லோவும் இத்தாலியனும் அடர்த்தியாகத் தெரியும். ஃபெசன்ட்ஸ் வெள்ளைச் சுவரில் காணாமல் போய்விடும். அதற்கு மஞ்சளோ பச்சையோ பூசிய சுவர் வேண்டும்.

காலத்தைக் கணிக்க முதுகைத் திருப்புங்கள். இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் முத்திரையில் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ‘இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது’ என்று முழுதாக இருந்தால் 20ஆம் நூற்றாண்டு. சாய்சதுர வடிவப் பதிவு முத்திரை 1842 முதல் 1883 வரை. அதன்பின் 1884 தொட்டு வெறும் பதிவு எண். இவை சித்திரம் பதிவான காலத்தைச் சொல்லும். அந்தத் தட்டு சுட்ட ஆண்டு அதற்குப் பிறகும் இருக்கலாம்.

முத்திரையை மட்டும் நம்பக் கூடாது, அது எளிதாகப் போலி செய்யக்கூடியது. அசலின் அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. தாளில் எடுத்த அச்சைக் கையால் ஒட்டியதால், விளிம்புப் பூவேலையின் இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் ஒரு பூ பாதியாக வெட்டுப்பட்டிருக்கும், அல்லது ஒரு இலை மேல் இன்னொரு இலை ஏறியிருக்கும். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் அந்த இணைப்பு அகப்படும். முதுகில், சூளையில் தாங்கிய முட்களின் வடு மூன்று மூன்றாகத் தெரியும். தட்டு நிற்கும் கால்வளையத்திலும் கிளேஸ் இருக்கும். கால்வளையம் மட்டும் சுரண்டிவிட்டதுபோல வெறும் வெள்ளையாக இருந்து, தட்டும் அளவுக்கு மீறிக் கனத்து, ‘விக்டோரியா வேர்’ (Victoria Ware) மாதிரிக் கம்பீரமான முத்திரையும் இருந்தால் சமீபத்திய போலி என்று வைத்துவிட்டு வரலாம். கிளேஸ் முழுக்க ஒரே சீராகப் பழுப்பேறிய விரிசல் வலையும் சந்தேகத்துக்குரியது. இயற்கையான கறை திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

விரிசலைப் பற்றி: எர்தன்வேர் என்கிற இந்த மண் நீரை உறிஞ்சும் வகை. ஆண்டுக்கணக்கில் ஈரம் உறிஞ்சி உடல் மிக நுண்ணிய அளவு வீங்க, மேலேயுள்ள கிளேஸ் கூடவே விரிய முடியாமல் வலைபோல வெடிக்கிறது. சுவரில் மாட்ட இது ஒரு குறையே இல்லை. உடைந்த தட்டை ஒட்டி விற்பதுதான் குறை. ஐந்து விரல் நுனியில் ஏந்தி, விளிம்பை விரல் கணுவால் மெல்லத் தட்டினால் நல்ல தட்டு நீட்டி ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று அடங்கும். எர்தன்வேரின் ஒலி பீங்கான் அளவுக்குக் கணீரென்று இராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் நல்லது, பசை போட்ட இடம் வேறு நிறத்தில் ஒளிரும்.

பழுப்புக் கறையை எடுக்கிறேன் என்று பிளீச்சிங் பவுடரில் ஊறவைப்பவர்கள் உண்டு. குளோரின் உப்பு விரிசல் வழியே உள்ளே போய், காயும்போது படிகமாகிக் கிளேஸைப் பெயர்த்துத் தள்ளும். சேதம் அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துச் செதிளாக உதிரும். மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். தட்டை முதலில் வெறும் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு பஞ்சைப் பெராக்சைடில் நனைத்துக் கறைமேல் வைத்து, காயாமல் பிளாஸ்டிக் உறையால் மூடி, தினம் பஞ்சை மாற்றிச் சில நாள் விடுங்கள். அப்புறம் நன்றாக அலசி, நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும். பொன்வரி இருந்தாலோ ஒட்டுப்போட்டிருந்தாலோ இதைச் செய்யக் கூடாது. சீக்கிரம் காய அவனில் வைப்பது தட்டைக் கையாலேயே உடைப்பதற்குச் சமம்.

இதில் சாப்பிடலாமா என்றால், கூடாது. அக்காலக் கிளேஸில் ஈயம் உண்டு. விரிசல் விட்ட தட்டில் புளி, எலுமிச்சை, தயிர் பட்டால் ஈயம் கசியும். பலகாரத்தட்டாகக்கூட வேண்டாம்.

எங்கே வாங்குவது? இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அறக்கட்டளைக் கடைகளும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளும் போதும். செட் குலைந்த ஒற்றைத் தட்டு மலிவாகவே கிடைக்கும், சுவருக்குச் செட் தேவையுமில்லை. தமிழ்நாட்டில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த ஐரோப்பியச் சாமான்கள் அங்கே உண்டு. ஆனால் அங்கே பீங்கானோடு கலந்து கிடப்பதில் பெரும்பகுதி இனாமல் தட்டுகள், அதாவது இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சு. சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இனாமல். அதுவும் சுவரில் அழகுதான், உடையவும் உடையாது. பூச்சு தெறித்த இடத்தில் துருப்பிடிக்கும் என்பதால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அதே சித்திரம், புதிய தட்டு

புளூ இத்தாலியன் இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. ஸ்போட் நிறுவனம் 2008இல் நொடித்துப்போய், அடுத்த ஆண்டு போர்ட்மெய்ரியன் குழுமத்தின் கைக்கு வந்தது. எல்லா உருப்படியும் ஸ்டோக்கில் செய்வதில்லை என்பதால் ஊர் முக்கியம் என்பவர்கள் முதுகு முத்திரையைப் படித்து வாங்கவும். டிஷ்யூ தாள் அச்சைக் கையால் ஒட்டும் பழைய முறையே வேண்டும் என்றால் மிடில்போர்ட் பட்டறையின் பர்லி தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இன்றும் விளிம்பு இணைப்பைப் பார்க்கலாம். சொட்டை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கையால் வரைந்தது வேண்டுமானால் டென்மார்க்கின் ராயல் கோபன்ஹேகனின் 1775ஆம் ஆண்டு நீலக் கொடி வரிசையும், ஜெர்மனியின் மைசன் பட்டறையின் நீல வெங்காயமும் உச்சம். அந்த வெங்காயம் வெங்காயமே அல்ல, சீனத் தட்டிலிருந்த மாதுளையையும் பீச் பழத்தையும் ஐரோப்பியர்கள் அடையாளம் தெரியாமல் போட்ட பெயர். இந்தச் சித்திரத்தை யார் யாரோ நகலெடுத்ததால், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மைசன் தன் குறுக்குவாள் முத்திரையை முன்பக்கத்திலேயே, மூங்கில் தண்டின் அடியில் வரையத் தொடங்கியது. சுவரில் மாட்டிய பிறகும் அசலா நகலா என்று தெரியும் ஒரே தட்டு இதுதான் போல. ஆனால் இவற்றில் ஒன்றை வாங்கும் காசுக்குப் பழைய ஆங்கிலத் தட்டில் ஒரு சுவரையே நிரப்பலாம். சாப்பாட்டு மேசைக்கு வாங்குங்கள், சுவருக்கு வேண்டாம்.

டெல்ஃப்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. 1653இல் தொடங்கிய டி போர்செலைன் ஃபிளெஸ், இப்போது ராயல் டெல்ஃப்ட் என்ற பெயரில், கையால் வரைந்து விற்கிறது. ஆனால் பழைய டெல்ஃப்ட் தட்டு பீங்கான் அல்ல, மென்மண்ணின்மேல் வெள்ளீயக் கிளேஸ். சீனப் பீங்கான் வரத்து 17ஆம் நூற்றாண்டில் குறைந்தபோது அதற்கு மாற்றாக டச்சுக்காரர்கள் வளர்த்த வேலை. விளிம்பில் கிளேஸ் சின்னச் சின்னதாகத் தெறித்திருப்பது அதன் இயல்பு. கம்பிக் கொக்கி பிடித்தால் இன்னும் தெறிக்கும். பழைய டெல்ஃப்டை மாட்டாதீர்கள், தாங்கியில் நிறுத்துங்கள்.

சைவ வீடுகளில் பலர் கேட்கும் விஷயம்: போன் சைனாவில் மாட்டெலும்புச் சாம்பல் ஏறக்குறைய பாதி. புளூ இத்தாலியன், பர்லி இரண்டும் எர்தன்வேர், இவற்றில் எலும்பு இல்லை. மைசனும் கோபன்ஹேகனும் வன்பீங்கான், அவற்றிலும் இல்லை.

நம் சித்திரத்தை நாமே சுடுவது

இதை டெக்கால் முறை என்பார்கள். கணினிப் படத்தைப் பீங்கான் மையில் அச்சிட்டு, தண்ணீரில் வழுக்கி இறங்கும் தாளாகத் தருவார்கள். வெள்ளைத் தட்டில் அதை ஏற்றிச் சூளையில் சுட வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா போன்ற பீங்கான் ஊர்களில் இது அன்றாடத் தொழில். புதுச்சேரி, ஆரோவில் பக்கத்துப் பீங்கான் பட்டறைகளிலும் மின்சூளை உள்ளவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஆறேழு தட்டுக்காக இதில் இறங்குவது வீண். ஐம்பது தட்டு, ஒரு உணவகச் சுவர் என்றால் யோசிக்கலாம்.

தட்டைச் ஸ்பிரிட்டால் துடைத்து, டெக்காலை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் வைத்து, வழுக்கி இறக்கி, ரப்பர் துண்டால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீரைத் தள்ள வேண்டும். ஒரு நாள் காயட்டும். சூளை 500 டிகிரி வரும்வரை காற்றுத்துளையைத் திறந்துவையுங்கள், பிளாஸ்டிக் படலம் எரிந்து புகையாக வெளியேற வேண்டும். பிறகு மூடி, பீங்கானுக்கு 800 முதல் 830 டிகிரி வரை ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தினால் போதும். மிச்சமிருந்த ஒரு துளி நீர் ஆவியாகி வெடித்தால் குண்டூசித் துளை விழும். சூடு குறைந்தால் நிறம் மங்கி, துடைத்தால் வரும். கூடினால் முதலில் காணாமல் போவது சிவப்பு. முக்கியமாக, புழங்கிய தட்டில் இதைச் செய்யக் கூடாது. உள்ளே ஏறியிருக்கும் ஈரமும் எண்ணெயும் சூளையில் கரும்புள்ளியாகக் கொப்பளிக்கும்.

போட்டோ கடைப் பிளாஸ்டிக் பூச்சுத் தட்டு இதைவிட எளிது, மலிவு. ஆனால் அதன் சாயம் வெயிலில் வெளிறும். வடக்குப் பார்த்த சுவருக்கும் தற்காலிக அலங்காரத்துக்கும் மட்டும் போதுமானது.

கண்ணாடித் தட்டில் சுவர்த்தாள் சித்திரம்

பீங்கானும் சுவர்த்தாளும் பழைய கூட்டாளிகள். 18ஆம் நூற்றாண்டில் சீனத் துறைமுகமான கான்டனிலிருந்து கிளம்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் தட்டுகளோடு கையால் வரைந்த சுவர்த்தாளும் போயிற்று. இரண்டிலும் அதே பியோனிப் பூ, அதே மூங்கில், அதே பறவை. 1850களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பொட்டிஷோமேனி என்றொரு பைத்தியமே பிடித்தது. கண்ணாடி ஜாடியின் உட்புறத்தில் அச்சுப்படங்களை ஒட்டி, மேலே வண்ணம் பூசி, சீனப் பீங்கான் மாதிரி காட்டுவார்கள். இன்று கண்ணாடித் தட்டின் முதுகில் செய்வதும் அதே வேலைதான்.

எந்தச் சித்திரம் தட்டுக்கு ஒத்துவரும்? மோரிஸின் சுவர்த்தாள்கள் 53 செ.மீ அகலத்தில், அறை முழுக்கப் படரும்படி வரைந்தவை. 1875ஆம் ஆண்டு அகாந்தஸ், முப்பது மரக்கட்டை கொண்டு அச்சிட்ட பிரம்மாண்டம். அதை 20 செ.மீ தட்டில் அதே அளவில் வைத்தால் ஒரு இலையின் முதுகு மட்டும் தெரியும், சுருக்கினால் சேறாகக் குழம்பும். 1864இல் வெளிவந்த டெய்சி, தனித்தனிப் பூங்கொத்தாக இருப்பதால் தட்டுக்கென்றே வரைந்தது போலப் பொருந்தும். 1887ஆம் ஆண்டு வில்லோ போவ், பாதி அளவுக்குச் சுருக்கினாலும் இலை இலையாகத் தெளிவாக நிற்கும். மரச்சட்டத்தின்மேல் ரோஜா படரும் டிரெல்லிஸ் என்ற தாளில் பறவைகளை வரைந்தவர் மோரிஸ் அல்ல, அவர் நண்பர் ஃபிலிப் வெப். அந்தப் பறவைகளையும் ரோஜாவையும் மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, சட்டத்தை விட்டுவிடுவது நல்லது. நேர்கோட்டுச் சட்டம் வட்டத் தட்டில் எப்படி வைத்தாலும் கோணலாகத்தான் தெரியும்.

மோரிஸ் 1896இல் இறந்துவிட்டதால் அவருடைய மூலச் சித்திரங்களுக்குக் காப்புரிமை இல்லை. இப்போதைய நிறுவனம் நிறம் மாற்றி வெளியிடும் புதுப் பதிப்புகளை நகலெடுக்காதீர்கள், வர்த்தகப் பெயரையும் போடாதீர்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகமும் பெரிய அளவுப் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகின்றன. 20 செ.மீ தட்டுக்குக் குறைந்தது 2,400 பிக்சல் அகலம் வேண்டும்.

அசல் 19ஆம் நூற்றாண்டுத் தாள்துண்டு கிடைத்தால் அதை வெட்டி ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். அக்காலப் பச்சையில் ஆர்செனிக் உண்டு. மோரிஸின் தொடக்ககாலத் தாள்களும் இதற்கு விலக்கல்ல, அவர் குடும்பம் பங்கு வைத்திருந்த டெவன் கிரேட் கன்சோல்ஸ் சுரங்கமே செம்போடு ஆர்செனிக்கும் எடுத்ததுதான். வெட்டும்போது வரும் தூளை மூச்சில் இழுக்க வேண்டிய அவசியமில்லை. நகலே போதும்.

தேவை: முதுகு வழவழப்பாக, நடுவில் கம்பெனிப் பெயர் புடைக்காத கண்ணாடித் தட்டு, லேசர் அச்சு, 80 முதல் 100 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) தாளில், தெளிவாகக் காயும் டெக்கூபாஜ் பசை (தாள் வெட்டி ஒட்டும் கைவேலைக்கான பசை), அக்ரிலிக் வண்ணம், நீர்வகை வார்னிஷ். இங்க்ஜெட் அச்சு பசை பட்டதும் ஊறிக் கலங்கும். 120 ஜிஎஸ்எம்முக்கு மேல் போனால் தாள் வளைவில் படியாது. தட்டின் குறுக்கே நாடாவை வளைவோடு சேர்த்து வைத்து அளந்து பாருங்கள், 20 செ.மீ தட்டுக்கு 21 வரை வரும். ஏ4 தாளின் அகலமே அவ்வளவுதான் என்பதால் ஏ3யில் அச்சடிப்பது நிம்மதி. மைதாப் பசை மட்டும் கூடவே கூடாது. இராமபாணப் பூச்சிக்கு அதுவும் தாளும் சேர்ந்தால் விருந்து.

தட்டின் முதுகை ஸ்பிரிட்டால் துடைத்த பின் விரல் படக் கூடாது, ரேகை கண்ணாடிக்கு அடியில் நிரந்தரமாகிவிடும். கத்தரித்த தாளை அரை நிமிடம் தண்ணீரில் போட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். ஈரத்தில் தாள் விரிவது ஒட்டுவதற்கு முன்பே நடந்துவிட்டால் பிறகு சுருக்கம் விழாது. கண்ணாடி முதுகில் பசையைத் தாராளமாகத் தடவி, அச்சு முகம் கண்ணாடியைப் பார்க்கும்படி வையுங்கள். முழுத்தாளாக ஒட்டுவதானால் ஓரத்திலிருந்து உள்நோக்கி 3 செ.மீக்கு ஒரு வெட்டு கொடுத்தால்தான் வளைவில் மடிப்பின்றிப் படியும். பூ பூவாகக் கத்தரித்து ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஈர ஸ்பாஞ்சால் தள்ளிக்கொண்டே, அடிக்கடி முன்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெள்ளிபோல மின்னும் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும், காய்ந்தபின் வழியில்லை.

எல்லாவற்றையும்விட விளிம்பு முக்கியம். தாள் தட்டின் ஓரத்துக்கு 2 மி.மீ உள்ளே நின்றுவிட வேண்டும். அந்த வெற்றுக் கண்ணாடியின்மேல் வண்ணமும் வார்னிஷும் நேராகப் பிடித்து முத்திரை போட்டதுபோல் மூடும். தாள் ஓரம் வரை போனால் துடைக்கிற ஈரத்துணியிலிருந்தும் மழைக்கால ஈரக்காற்றிலிருந்தும் நீரை உறிஞ்சி, விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்படலம் ஏறும். பழுதாகும் கண்ணாடித் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

ஒரு நாள் காயவைத்து, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் என்றால் இரண்டு நாள், பின்பு அக்ரிலிக் பூசுங்கள். முதல் பூச்சு ஒற்றி ஒற்றி, மெல்லியதாக. நீர்க்க இருந்தால் தாளின் ஓரத்தில் புகுந்து முன்பக்கம் கறையாகத் தெரியும். தந்த வெள்ளை பூசினால் பீங்கான் தோற்றம், கடும்பச்சை பூசினால் சுவர்த்தாள் தோற்றம் வரும். இரண்டாம் பூச்சுக்குப் பின் வார்னிஷ் மூன்று முறை. எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். முன்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். ஊறவைப்பது, சமையலறை அடுப்புப் பக்கம் மாட்டுவது இரண்டும் ஆகாது.

மாட்டும்போது

இங்கேதான் நல்ல தட்டுகள் உடைகின்றன. ஸ்பிரிங் கம்பிக் கொக்கி எல்லா வகைக்கும் பொருந்தும், ஆனால் விளிம்பு தொடும் இடத்தில் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். வெறும் கம்பி பொன்வரியைச் சுரண்டும், கடற்கரை ஊர்களில் துருவும் வடியும். ஸ்பிரிங்கை முழு பலத்தோடு இழுத்தால்தான் மாட்ட முடிகிறது என்றால் அளவு தவறு. அந்த இறுக்கம் இரவும் பகலும் விளிம்பை நெரித்து, பழைய மயிரிழை விரிசலை ஒருநாள் பிளந்துவிடும்.

பின்னால் ஒட்டும் வட்டக் கொக்கி முன்பக்கம் தெரியாது, அதனால் பலருக்குப் பிடிக்கும். பசையை நனைத்து, சில நிமிடம் பிசுபிசுப்பு வரும்வரை பொறுத்து, முதுகில் அழுத்தி ஒரு இரவு விட வேண்டும். மறுநாள் நேராகச் சுவருக்குப் போகாமல், மெத்தைக்கு மேலே கதவுக் கைப்பிடியில் ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். முதுகில் கிளேஸ் உதிரும் பழைய தட்டுக்கு இது ஆகாது. நாமே செய்த கண்ணாடித் தட்டுக்கு அறவே ஆகாது: கொக்கி பிடித்திருப்பது கண்ணாடியை அல்ல, வார்னிஷையும் தாளையும். ஒருநாள் கொக்கியும் சித்திரமும் சுவரில் இருக்க, கண்ணாடி மட்டும் தரையில் இருக்கும். நீரில் ஊறினால் கழன்றுவிடும் பசை என்பதால் குளியலறைச் சுவருக்கும் கம்பிக் கொக்கிதான்.

தட்டுகளின் அளவுக்குச் செய்தித்தாளை வட்டமாக வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். 27 செ.மீ தட்டு ஒன்றை நடுவில் சற்றே ஒதுக்கி வைத்து, 20, 15 செ.மீ தட்டுகளைச் சுற்றிலும் 5 செ.மீ இடைவெளியில் அமைத்தால் ஏழு தட்டு ஒரு மீட்டர் அகலத்தை நிரப்பும். கூட்டத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ உயரத்தில் வரட்டும். சோபாவுக்கு மேலே என்றால், சாய்ந்து உட்காருபவரின் தலை படாதபடி கீழ்த்தட்டுக்கும் சோபா முதுகுக்கும் 25 செ.மீ விடுங்கள். செங்கல் சுவரில் 6 மி.மீ துளை, பிளாஸ்டிக் பிளக், 30 மி.மீ திருகு. முக்கால் கிலோ எர்தன்வேர் தட்டுக்கு இது தாராளம். சிமென்ட் பூச்சில் மட்டும் அடித்த ஆணி முதலில் நிற்கும், பூச்சு ஈரம் குடிக்கும் மழைக்காலத்தில் நெகிழும். பழையதையும் புதியதையும் கலந்து மாட்டுகிறீர்கள் என்றால் கண்ணாடித் தட்டுகளை வெயில் படாத பக்கமும், நீல எர்தன்வேரை ஜன்னலுக்கு எதிரேயும் வையுங்கள்.